15 லட்சத்துக்குள் குடும்ப செடான்: எந்த எஞ்சின் பத்து வருடம் படுத்தாமல் ஓடும்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். தஞ்சாவூரில் இருக்கிறீர்கள், வீட்டில் நான்கு பேர். ரோட்டுக்கு வரும்போது 15 லட்சத்தைத் தாண்டாத ஒரு செடான் வேண்டும். தினசரி ஓட்டம் பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று நாலைந்து கிலோமீட்டர்தான். அவ்வப்போது திருச்சி, சில மாதங்களுக்கு ஒருமுறை சென்னை, வருடத்துக்கு ஒருமுறை கொடைக்கானல். எல்லாம் சேர்த்து வருடம் 10,000 கி.மீ. வரும். வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். மனைவியும் ஓட்டுவார், ஆட்டோமேட்டிக் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. 1.5 லிட்டர் சாதா பெட்ரோல், 1.0 லிட்டர் டர்போ, 1.5 லிட்டர் டர்போ என்று மூன்றை வைத்துக்கொண்டு எது நம்பகமானது என்று கேட்கிறீர்கள். மச்சான் டீசல்தான் வாங்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு வந்த பதில்களில் பெரும்பாலானவை பிக்கப்பையும் மைலேஜையும் பேசுகின்றன. நீங்கள் கேட்டது, வாரண்டி முடிந்தபிறகு, ஆறாவது ஏழாவது வருடத்தில், எந்த எஞ்சின் உங்களை ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார வைக்காது என்பது. அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோவையில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்களிடம் வருவது கெட்டுப்போன வண்டிகள்தான். நல்லபடியாக ஓடும் வண்டியை யாரும் எங்களிடம் காட்ட வருவதில்லை. அதிகம் விற்கும் மாடல் அதிகமாக வரும். அதனால் "எங்க ஷெட்டுக்கு இந்த எஞ்சின்தான் அடிக்கடி வருது" என்று ஒரு மெக்கானிக் சொன்னால், நான் சொன்னாலும்கூட, பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு பாகம் ஏன் கெடுகிறது, எப்படி ஓட்டினால் கெடும், கெட்டால் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். நூற்றுக்கு எத்தனை வண்டி கெடுகிறது என்ற கணக்கு கம்பெனிகளிடம்தான் இருக்கிறது, அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மச்சான் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொன்னது பத்து வருடத்துக்கு முன்பு சரியான பேச்சு. அன்றைக்கு டிசையர், சியாஸ், மான்சா, லீனியா என்று ஆளுக்கொரு பெயரில் ஓடிய வண்டிகளுக்குள் இருந்தது ஒரே ஃபியட் 1.3 டீசல்தான். ஊருக்கு ஊர் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் இருந்தார், பாகங்கள் எந்தக் கடையிலும் கிடைத்தன. அது பெயர் வாங்கியதில் பாதி காரணம் இதுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டது. 2023-இல் விதி இன்னும் இறுகியபோது ஹோண்டா சிட்டியிலும் ஹூண்டாய் வெர்னாவிலும் டீசல் போய்விட்டது. இன்று உங்கள் பட்ஜெட்டில் புதிய டீசல் செடான் கிடையாது. இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிஎஸ் 6 டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர வேண்டுமென்றால் வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சூடாக ஓட வேண்டும். தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கு எரியும்.

இனி பெட்ரோல். 1.5 சாதா பெட்ரோல் என்று நீங்கள் சொல்வது டர்போ, அதாவது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சின். சிட்டியில் 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). வெர்னாவில் 115 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர். இரண்டும் பழைய முறையில் கட்டப்பட்டவை. பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகப் போகாமல், வால்வுக்கு முன்னால் உள்ள பாதையில் தெளிக்கப்படுகிறது. இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் மூன்று நாலு பார்தான். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப்பே அந்த அழுத்தத்தைக் கொடுத்துவிடும். பெட்ரோல் வால்வின் முதுகில் பட்டுக்கொண்டே போவதால் அங்கே கார்பன் படிவதில்லை, அதுவே கழுவிக்கொள்கிறது. டைமிங் செயின் இருப்பதால் ஆயிலை ஒழுங்காக மாற்றிக்கொண்டிருக்கும்வரை இத்தனை ஆயிரத்துக்கு ஒருமுறை பெல்ட் மாற்று என்ற செலவும் கிடையாது. இந்த அமைப்பில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், இக்னிஷன் காயில், பிளக், சென்சார், எஞ்சின் மவுண்ட், வாட்டர் பம்ப். எதற்கும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

டர்போ அப்படியல்ல, ஆனால் பலர் பயமுறுத்துவது போலவும் அல்ல. ஸ்கோடா ஸ்லாவியாவிலும் ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸிலும் வரும் 1.0 டர்போ மூன்று சிலிண்டர்தான், 115 குதிரைத்திறன், 178 நியூட்டன் மீட்டர். இந்த 178 ஏறத்தாழ 1,750 ஆர்பிஎம்மிலேயே (நிமிடச் சுற்று) கிடைத்துவிடுகிறது. சிட்டியின் 145-ஐ எடுக்க 4,300 வரை முறுக்க வேண்டும். கொடைக்கானல் போகும்போது இதன் அர்த்தம் புரியும். அங்கே உயரம் 2,100 மீட்டர். காற்றின் அடர்த்தி தஞ்சாவூரில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினின் இழுவையும் அதே அளவு குறையும். வத்தலக்குண்டு தாண்டி மேலே ஏற ஏற, நாலு பேர், பெட்டி, ஏசி என்று சிட்டியில் போனால் இரண்டாவது கியரில் எஞ்சின் கத்தத்தான் செய்யும். டர்போ வண்டி குறைந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு சோர்ந்துபோகாது. வருடத்தில் ஒரு நாள் கத்துவதை நீங்கள் பொறுத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் விருப்பம். கத்துவதால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

டர்போவின் விலை வேறு இடத்தில் கட்டவேண்டியிருக்கும். முதலில் அந்த டர்போவே. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுற்றும். அது தாங்கி நிற்பது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயில் கெட்டியானாலோ குறைந்தாலோ முதலில் அடிபடுவது அதுதான். இரண்டாவது, இந்த எஞ்சின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. அதற்குத் தனியாக ஒரு உயர் அழுத்த பம்ப் உண்டு. பம்ப்பும் இன்ஜெக்டரும் விலை கூடியவை, அழுக்குப் பெட்ரோலைத் தாங்காதவை. பெட்ரோல் வால்வின் மேல் படாததால் நாளடைவில் வால்வில் கார்பன் படியும். மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நேராகப் பீய்ச்சிய பெட்ரோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். வண்டி அரை மணி நேரம் ஓடினால் ஆயில் சூடாகி அது ஆவியாகிப் போய்விடும். நாலு கிலோமீட்டரில் நிறுத்தினால் ஆவியாக நேரமில்லை. நம் வெயிலில் இந்தத் தொல்லை குளிர்நாடுகள் அளவுக்கு இராது. ஆனாலும் தினமும் நாலு கி.மீ., வருடம் முழுக்க என்பது நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவுக்கு உகந்த வாழ்க்கை அல்ல.

ஒருமுறை ஒரு டர்போ வண்டி வந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். ஓனர் டாக்டர், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையே மட்டும் ஓட்டியவர். "கிலோமீட்டரே ஓடலையே, எதுக்கு சர்வீஸ்" என்று இரண்டு வருடமாக ஆயில் மாற்றவில்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் குறைந்திருக்கவில்லை, மேல் கோட்டைத் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் வழுவழுப்பே இல்லாமல் தண்ணீர் மாதிரி ஓடியது. முகர்ந்தால் பெட்ரோல் பங்க் வாசனை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் காபி நுரை நிறத்தில் ஒரு பசை. அந்த டர்போ விசிலடிக்க ஆரம்பித்திருந்தது, மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஓடிய தூரம் மிகக் குறைவு, சர்வீஸ் புத்தகப்படி பார்த்தால் அந்த வண்டி இன்னும் புதுசு. இதே அலட்சியத்தை ஒரு 1.5 சாதா பெட்ரோலில் செய்திருந்தால் பெரும்பாலும் ஆயில் மாற்றி அனுப்பியிருப்பேன். டர்போ கெட்ட எஞ்சின் என்று சொல்லமாட்டேன். அலட்சியத்தை மன்னிக்காத எஞ்சின். வருடாவருடம் கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில் மாற்றுகிற, வாரம் ஒருமுறையாவது நீள ஓட்டம் போகிற ஒருவர் 1.0 டர்போ வாங்கினால் நான் தடுக்கமாட்டேன்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லவேண்டும். ஜப்பான் வண்டி கெடாது, கொரியா வண்டி பரவாயில்லை, ஜெர்மன் வண்டி செலவு வைக்கும் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தந்தக் கம்பெனியின் குறிப்பிட்ட எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பார்க்கவேண்டும். ஹோண்டாவின் 1.5 டர்போ, சிட்டியில் உள்ளதல்ல, வேறு எஞ்சின், சிஆர்-வி வண்டியில் இதே ஆயிலில் பெட்ரோல் கலக்கும் சிக்கலில் மாட்டி 2018-இல் சீனாவில் விற்பனையே நிறுத்தப்பட்டது. ஹூண்டாயின் தீட்டா 2 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் கடைந்தபோது விழுந்த இரும்புத் துகள் ஆயில் பாதையில் தங்கியதால் அமெரிக்காவில் 2015-இல் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நம் வெர்னாவில் அது கிடையாது. ஃபோக்ஸ்வாகன் 2013-இல் சீனாவில் டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸுக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. பேட்ஜைப் பார்த்து எஞ்சினை எடைபோட்டால் மூன்று பக்கமும் தப்பாகும்.

டிஎஸ்ஜி என்றதும் கியர் பாக்ஸ் பேச்சுக்கு வந்துவிட்டோம். எஞ்சினைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் இன்றைய பெட்ரோல் வண்டிகளில் பெரிய செலவு வைப்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். வெர்னா டர்போவிலும், ஸ்லாவியா, வர்ட்டஸ் 1.5 டர்போவிலும் வருவது ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி. அதில் கிளட்ச் ஆயிலில் நனையாமல் உலர்ந்தே வேலை செய்கிறது. நெடுஞ்சாலையில் அதைப் போல சுகம் கிடையாது. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கதை வேறு. மேனுவல் வண்டியில் அரை கிளட்சிலேயே நகர்த்தினால் என்ன ஆகுமோ அதைத்தான் அதுவும் உள்ளே செய்துகொண்டிருக்கிறது. சூடு ஏறும், கிளட்ச் தேயும், கொஞ்ச நாளில் முதல் கியரில் ஒரு உதறல் வரும். கிளட்ச் செட்டும் அதை இயக்கும் மின் ஹைட்ராலிக் பகுதியும் மாற்றவேண்டி வந்தால் பில் லட்சத்தில் பேசும். இந்த வண்டிகளின் ஆட்டோமேட்டிக் விலையே உங்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால் 1.5 டர்போவை இத்தோடு விட்டுவிடலாம். ஓட்டுவதற்கு மூன்றில் அதுதான் அருமையானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1.0 டர்போவோடு வரும் ஆட்டோமேட்டிக் வேறு ரகம், டார்க் கன்வெர்ட்டர். பழைய, தேர்ந்த தொழில்நுட்பம். கிளட்சுக்குப் பதில் ஆயில் மூலமாக விசையைக் கடத்துவதால் நெரிசலைப் பொறுத்துக்கொள்ளும். சிட்டி, வெர்னா சாதா பெட்ரோலோடு வருவது சிவிடி, படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக். ஹூண்டாய் அதற்கு ஐவிடி என்று பெயர் வைத்திருக்கிறது. மிதமாக ஓட்டுகிற குடும்பத்துக்கு இதுவும் நன்றாகவே உழைக்கும். ஒரே நிபந்தனை, அதன் ஆயிலை மாற்றவேண்டும். "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், எந்த லைஃப் என்று கேளுங்கள். நான் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். கையேடு இன்னும் தள்ளிச் சொல்லலாம், ஆனால் கையேடு எழுதியவர் உங்கள் ஒன்பதாவது வருடத்துக்குப் பணம் கட்டப்போவதில்லை. சின்ன செடான்களில் ஏஎம்டி வருகிறது. அது மேனுவல் பெட்டிதான், கிளட்சை மோட்டார் அமுக்குகிறது. ரிப்பேர் செலவு குறைவு, ஆனால் மலையேற்றத்தில் நின்று புறப்படும்போது பின்னால் உருளலாம், கியர் மாறும்போது தலை ஆடும். மனைவி ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் மட்டும் எடுங்கள்.

இனி காசுக் கணக்கு. எஞ்சின் தேர்வை இதுதான் உண்மையில் முடிவு செய்கிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். மற்ற பெட்ரோல் கார்களுக்கு 40. ஸ்லாவியா, வர்ட்டஸில் எஞ்சின் 999 சிசிதான் என்றாலும் நீளம் நாலு மீட்டரைத் தாண்டுவதால் 40 தான். அதற்கு மேல் நம் மாநில சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி காரின் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-க்கு மேல் 20 லட்சம் வரை 18. அதாவது 9.9 லட்சம் வண்டிக்கு ஏறத்தாழ 1.29 லட்சம், 12 லட்சம் வண்டிக்கு 2.16 லட்சம். பத்து லட்சத்தைத் தாண்டும் அந்த ஒரு அடியில் பணம் எகிறுகிறது. இதனால்தான் 15 லட்சத்துக்குள் 1.5 சாதா பெட்ரோல் என்றால் கீழ் வேரியன்ட், அதுவும் மேனுவல்தான் பொருந்தும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஒன்று 1.0 டர்போவுக்குப் போகவேண்டும் (ரோட்டுக்கு வரும் விலை பட்ஜெட்டுக்குள் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்), இல்லையென்றால் நாலு மீட்டருக்குள் அடங்கும் 1.2 லிட்டர் செடானுக்கு இறங்கவேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாத இந்த 1.2-ஐ நான் சேர்க்கச் சொல்வேன். ஹோண்டா அமேஸில் 1.2 நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன், சிவிடி உண்டு. ஹூண்டாய் ஆராவிலும் நாலு சிலிண்டர் 1.2, 83 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் என்றால் ஏஎம்டி. இரண்டும் பல வருடம் ஓடித் தேறிய எஞ்சின்கள், நேரடி இன்ஜெக்‌ஷனும் இல்லை, டர்போவும் இல்லை. டிசையர் 2024 நவம்பரில் புதிதாக வந்தபோது நாலு சிலிண்டரை விட்டு மூன்று சிலிண்டர் இசட் சீரிஸுக்கு மாறியது, 82 குதிரைத்திறன். முந்தைய கே சீரிஸ் எஞ்சின் டாக்சிகளில் மூன்று லட்சம் கி.மீ. தாண்டி ஓடியதைப் பார்த்திருக்கிறோம். புதியதற்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. அமைப்பு எளிமையானது என்பதால் கெடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. இது ஊகம், சாட்சியம் அல்ல. மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே அதிர்வு உண்டு. சிக்னலில் நிற்கும்போது சீட்டில் தெரியும். அது நோய் இல்லை, ஆனால் எஞ்சின் மவுண்ட் ரப்பர்கள் கொஞ்சம் முன்னாடியே தளரும்.

சிஎன்ஜி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஷோரூமில் நிச்சயம் தள்ளுவார்கள். வருடம் 10,000 கி.மீ. ஓட்டத்துக்கு அதில் மிச்சமாகும் பணம், டிக்கியில் போகும் இடத்துக்கு ஈடாகாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேஸ் சிலிண்டர் சோதனை வேறு. டாக்சி ஓட்டுபவருக்கு அது சரியான கணக்கு. ஹைப்ரிட் சிட்டி தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்த வண்டி, விலையில் உங்களுக்கு வெகு தூரம்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் பயம் உங்களுக்கு வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளில் ரப்பர் குழாய், சீல் எல்லாம் அதைத் தாங்கும் பொருளில்தான் வருகின்றன. மைலேஜ் குறையுமா என்றால் குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவதாகக் கணக்கு. பழைய ஈ10-ஓடு ஒப்பிட்டால் அதில் பாதி. டர்போ, சாதா இரண்டுக்கும் இது பொது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் டேங்கில் பாதி பெட்ரோலோடு நிறுத்திவைக்காதீர்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பழைய வண்டி வாங்க நினைத்தால்தான் யோசிக்கவேண்டும். அதில் பெட்ரோல் லைன் ரப்பர் எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நான் அதைத்தான் இரண்டு முறை படித்தேன். பார்க்கும் வண்டிகளில் ஒன்றுக்கு உள்ளூரில் சர்வீஸ் இல்லை, திருச்சிக்குத்தான் கொண்டுபோகவேண்டும் என்று. 55 கிலோமீட்டர் ஒன்றும் தூரமில்லை என்று இப்போது தோன்றும். மூன்றாவது வருடம் ஒரு சென்சாருக்காக வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி, பாகம் புனேயிலிருந்து வரவேண்டும் என்று சொல்லி, மறுபடி பஸ்ஸில் போய் எடுத்துவரும்போது தெரியும். எல்லோரும் வைத்திருக்கும் எஞ்சினுக்கு உங்கள் தெரு மெக்கானிக்கே காயில் மாற்றித் தந்துவிடுவார், ஸ்கேனரும் வைத்திருப்பார். நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினின் பெட்ரோல் லைனில் அவர் கை வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. ஆகவே வாங்கும் முன் ஊரில் வெளி ஒர்க்‌ஷாப் இரண்டில் போய் "இந்த எஞ்சின் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே கிடைக்கும் தயக்கமோ சிரிப்போ யூடியூப் ரிவ்யூவைவிடப் பயன்படும்.

அதற்காக எளிய எஞ்சின் என்றால் கெடவே கெடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா இந்தியாவில் 90,000-க்கும் மேற்பட்ட பழைய கார்களை பெட்ரோல் பம்ப் மாற்ற அழைத்தது. எஞ்சின் நன்றாக இருந்தாலும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் நின்றால் வண்டி நடுரோட்டில் நிற்கும். பம்ப்பை இலவசமாக மாற்றித் தந்தார்கள் என்பது நல்ல விஷயம். எந்தக் கம்பெனி வண்டியானாலும் வருடம் ஒருமுறை அவர்கள் வெப்சைட்டில் சேஸிஸ் நம்பரைப் போட்டு ரீகால் (திரும்ப அழைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். டீலர் போன் செய்வார் என்று காத்திருக்கவேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 1.5 சாதா பெட்ரோல், மேனுவல், கீழ் வேரியன்ட் எடுப்பேன். சிட்டியா வெர்னாவா என்பதில் எஞ்சினை வைத்துப் பெரிய வித்தியாசம் சொல்லமுடியாது, எது ஊரில் சர்வீஸுக்கு அருகில் இருக்கிறதோ அது. மனைவிக்கு ஆட்டோமேட்டிக் கட்டாயம் என்று வீட்டில் முடிவானால் 1.2 நாலு சிலிண்டர் சிவிடி. மூன்று லட்சம் கையில் மிஞ்சும், கொடைக்கானல் மலையில் மட்டும் லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகவேண்டியிருக்கும். சென்னைப் பயணம் மாதம் இரண்டு முறை என்று மாறினால், தினசரி ஓட்டம் இருபது கிலோமீட்டரைத் தாண்டினால், திருச்சி போய்வருவது உங்களுக்குச் சிரமமில்லை என்றால், 1.0 டர்போ டார்க் கன்வெர்ட்டரை முதல் இடத்துக்குக் கொண்டுவருவேன்.

டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது காலையில் முதல் ஆளாகப் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து கேட்கவேண்டும். நாலு பேரும் ஏறி, ஏசி போட்டு, ஏதாவது ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். தனியாக சேல்ஸ்மேனோடு காலி ரோட்டில் ஓட்டினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கியபிறகு ஓட்டம் குறைவு என்று ஆயிலைத் தள்ளிப்போடாதீர்கள். 10,000 கி.மீ. ஆகாவிட்டாலும் வருடம் முடிந்தால் மாற்றுங்கள், டர்போ என்றால் 7,500-லேயே. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. கூலன்ட் குறைந்தால் அதே கூலன்ட், அவசரத்துக்கு என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

கடைசியாக எக்ஸ்டெண்டெட் வாரண்டி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். டர்போவோ எந்த ஆட்டோமேட்டிக்கோ எடுத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், எத்தனை வருடம் தருகிறார்களோ அத்தனைக்கும். சாதா பெட்ரோல் மேனுவலுக்கு நான் வாங்கமாட்டேன். அந்தப் பணத்தில் நாலைந்து ஆயில் சர்வீஸ் முடிந்துவிடும்.